34 டிகிரி: தாம்பரம் வெயிலில் சாக்லேட்

கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடம்பின் சூடு 37. இடையில் இருக்கும் இந்த மூன்று டிகிரியை நம்பித்தான் உலகம் முழுக்கச் சாக்லேட் வியாபாரம் நடக்கிறது. விரலில் பிடிக்கும்போது கெட்டியாக நிற்கும். நாக்கில் வைத்ததும் கரையும். வேறு எந்த இனிப்புக்கும் இந்தக் குணம் இவ்வளவு துல்லியமாக வாய்க்கவில்லை. குளிர்நாடுகளுக்கு இந்தக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது, தாம்பரத்துக்குப் பொருந்தவில்லை. மார்ச் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரை இங்கே பெரும்பாலான பகல்கள் 34-ஐத் தாண்டிவிடும். மே மாதத்தில் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் 40-க்கு மேல் பதிவாவது ஆண்டுதோறும் வரும் செய்தி. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் தகரம் வேய்ந்த ஒரு பெட்டிக்கடைக்குள் அதைவிடக் கூடுதலாகவே தகிக்கும்.

சாக்லேட்டைப் பற்றிய சுவாரசியமான தகவல்களுக்குப் பஞ்சமில்லை. அஸ்டெக் மக்கள் கோகோக் கொட்டையைக் காசாகப் பயன்படுத்தினார்கள், போர்வீரர்கள் சாக்லேட்டைச் சுமந்து திரிந்தார்கள், ஹிட்ச்காக் தம் ‘சைக்கோ’ படத்தில் அதை ரத்தமாக ஓடவிட்டார் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே காதில் விழுந்து மறந்துபோகும். தென்சென்னைப் புறநகரில் நின்றுகொண்டு அவற்றைக் கோத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே அந்த 34 டிகிரியில் வந்து முட்டுகின்றன. கூடவே இன்னொரு கேள்வியும் எழுகிறது. கோகோ நம் மாநிலத்திலேயே விளைகிறது. அப்படியிருந்தும் உண்மையான சாக்லேட் நமக்கு ஏன் இவ்வளவு அந்நியமாக இருக்கிறது? வெயில் பாதிக் காரணம் என்பது என் முடிவு. மீதிப் பாதி, கோகோவை மிட்டாயாக மட்டுமே பார்த்துப் பழகியது.

முதலில் அந்தக் கொழுப்பைப் பார்ப்போம். தோல் நீக்கிய கோகோப் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்புதான். அது குளிர்ந்து உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடும். ஆறும் ஒரே கொழுப்பு. மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்ளும் முறை மட்டும் வேறு. ஐந்தாவது வகைப் படிகத்துக்குத்தான் அந்தப் பளபளப்பும், உடைக்கும்போது எழும் ‘டக்’ என்ற ஓசையும், 34 டிகிரியில் கரையும் குணமும் உண்டு. மற்றவை சீக்கிரம் இளகும், அல்லது மெழுகுபோல நாக்கில் ஒட்டும். எனவே சாக்லேட் செய்பவர்கள் அதை முழுக்க உருக்கி, கிளறிக்கொண்டே 27, 28 டிகிரிக்குக் குளிரவைத்து, மறுபடி 31, 32-க்கு ஏற்றுகிறார்கள். இதற்கு டெம்பரிங் என்று பெயர். பால் கலந்த சாக்லேட்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு.

இந்த எண்களைக் குரோம்பேட்டையில் ஒரு வீட்டுச் சமையலறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சமையலறையின் வெப்பமே 33 என்றால் சாக்லேட்டை 27-க்குக் குளிரவைப்பது எப்படி? ஏசி அறை இல்லாமல் முடியாது. ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. உருகிய சாக்லேட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு மொத்தமும் மண்ணாகத் திரண்டுவிடும். கடற்காற்று வீசும் ஊரில் குளிர்ந்த பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்ப்பதே அதற்குப் போதும். கோவிட் ஊரடங்குக்குப் பிறகு சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் அடுக்ககங்களில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களிடம் பேசினால் கோடையில் சாக்லேட் வேலையை அதிகாலையிலோ இரவு ஏசி அறையிலோதான் வைத்துக்கொள்கிறோம் என்பார்கள். அவர்களில் பலர் பயன்படுத்துவது உண்மையான சாக்லேட்டும் அல்ல, காம்பவுண்ட்.

காம்பவுண்ட் என்பது கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்த கட்டி. பெரும்பாலும் பனைவகை எண்ணெய் மரத்தின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுத்த கொழுப்பு. நிறத்துக்கும் மணத்துக்கும் கோகோத் தூள். இதற்கு டெம்பரிங் வேண்டாம், உருக்கி ஊற்றினால் உறைந்துவிடும். நம் ஊர் வெயிலில் சற்றுக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும், விலையும் குறைவு. பிறந்தநாள் கேக்கின் மேலே வழியும் பூச்சு, பிஸ்கட்டின் மேல் உறை, பெட்டிக்கடை ஜாடியில் ஒரு ரூபாய்க்கு விற்கும் பழுப்புத் துண்டு என்று இந்தப் புறநகர் சாக்லேட் என்று சாப்பிடுவதில் பெரும்பகுதி இதுதான். இதைத் தாழ்வாகப் பேச எனக்கு விருப்பமில்லை. 40 டிகிரி ஊரில் சின்ன முதலீட்டில் தொழில் செய்யும் ஒருவர் வேறென்ன செய்வார்? ஆனால் வாங்குகிறவருக்கு எது எதுவென்று தெரியவேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி சாக்லேட் என்ற பெயரில் விற்கும் பொருளில் கோகோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அப்படிச் சேர்த்திருந்தால் உறையில் சொல்லவும் வேண்டும். பொருள் பட்டியலில் சர்க்கரைக்கு அடுத்ததாகக் கோகோ வெண்ணெய் இருக்கிறதா, ‘ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்’ இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அந்த எழுத்து இவ்வளவு பொடியாக இருக்கவேண்டியதில்லை. 2022 முதல் கொழுப்புகளில் டிரான்ஸ் ஃபேட் 2 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது இந்த வகைப் பொருள்களைப் பொறுத்தவரை பெரிய நிம்மதி.

கோகோ வெண்ணெய்க்குப் பக்கத்துணையாகச் சேர்க்கத் தகுந்தவை என்று ஐரோப்பியச் சட்டம் ஆறு தாவரக் கொழுப்புகளை மட்டும் அனுமதிக்கிறது. அவற்றில் மூன்று நமக்கு நெருக்கமானவை. மத்திய இந்தியக் காடுகளின் சால் மரக் கொட்டை, கொங்கணக் கரையின் கோகம், மூன்றாவதாக மாங்கொட்டைப் பருப்பு. மாம்பழச் சாறு பிழியும் ஆலைகளில் மலைபோல் குவியும் கொட்டையை உடைத்தால் கிடைக்கும் கொழுப்பு, குணத்தில் கோகோ வெண்ணெய்க்கு மிக அருகில் வருகிறது. கிருஷ்ணகிரியும் சித்தூரும் மாம்பழக் கூழுக்குப் பேர்போன வட்டாரங்கள். சாப்பிட்டுவிட்டு நாம் குப்பையில் எறியும் கொட்டைக்கு இப்படியொரு இடம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, சாக்லேட்டைப் பற்றி வேறெந்தச் செய்தியைக் கேட்டும் உண்டானதில்லை.

தேங்காய் எண்ணெய்க்கும் இதில் பங்குண்டு. சாக்கோபார் ஐஸ்கிரீமின் மேலே மெல்லிசாக உடையும் அந்தப் பழுப்பு உறையைச் சுத்தமான சாக்லேட்டில் செய்தால், உறைகுளிரில் கல்லாக இறுகிக் கடிக்க முடியாமல் போகும். தேங்காய் எண்ணெய் கலந்தால் நொடிகளில் உறையும், பல்லில் பட்டதும் நொறுங்கும், நாக்கில் உடனே கரையும். அதனால் ஐஸ்கிரீம் தொழிலில் தேங்காய் எண்ணெய்ப் பூச்சு பரவலாகப் புழங்குகிறது. அருண் ஐஸ்கிரீமை நடத்தும் ஹட்சன் நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. ஐஸ்கிரீமில் தொடங்கிய அந்த நிறுவனம் ‘ஹவியா’ என்ற பெயரில் சாக்லேட்டும் செய்ய வந்தது. குளிர்பதன வண்டியும் கடைவரை குளிர்பெட்டியும் வைத்திருப்பவருக்குத்தான் இந்த ஊரில் சாக்லேட் தொழில் எளிது.

குளிர்பெட்டியிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கடையில் மின்சாரம் போய் வரும்போதும், வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் ஸ்கூட்டர் பெட்டியிலும் சாக்லேட் இளகி மறுபடி உறைகிறது. அப்போது ஐந்தாவது படிகம் கலைந்து மேற்பரப்பில் சாம்பல் பூத்தாற்போல வெள்ளைப் படலம் வருகிறது. பூசணம் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் பலர். அது கொழுப்பு வெளியே வந்து உறைந்த படலம்தான். சாப்பிடலாம், வழவழப்பு மட்டும் போயிருக்கும். ஈரம் பட்டுச் சர்க்கரை கரைந்து உலர்ந்தாலும் இப்படி வெளுக்கும், ஆனால் தொட்டால் சொரசொரக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் டப்பாவைத் திறக்காமல் அரைமணி விட்டுப் பிறகு பிரிப்பது நல்லது. ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் உறவினர் வாங்கிவரும் ‘ஹோம்மேட்’ சாக்லேட் தாம்பரம் வந்து சேர்வதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடுவது பல வீடுகளில் பழக்கமான காட்சி. ஏசி பரவலாக இல்லாத காலத்தில் தமிழ்நாட்டில் கையால் சாக்லேட் செய்யும் தொழில் அந்த மலைகளில் வேர்விட்டதற்கும் காரணம் அந்தக் குளிர்தான். ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் இருக்கும் கிங் ஸ்டார் போன்ற பழைய கடைகளுக்கு மலைக்காற்றே குளிர்சாதனமாக அமைந்தது.

மரத்துக்கு வருவோம். கோகோ தமிழ்நாட்டுக்குப் புதுசு என்று நினைப்பது தவறு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து கொண்டுவந்த கன்றுகளைக் குற்றாலத்தில் நட்டது 1798-ல். இந்தியாவில் கோகோ வேரூன்றிய முதல் இடம் நம் குற்றாலம். அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது பயிராக வளரவே இல்லை. 1965-ல் காட்பரி நிறுவனம் வயநாட்டுச் சுண்டேலில் சோதனைத் தோட்டம் போட்ட பிறகுதான் கோகோ விவசாயிகளைத் தேடி வந்தது. 1970-களில் கேரளத்தில் ஆசை ஆசையாக நட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் விலை விழுந்தது, வாங்க ஆளில்லாமல் வெட்டியும் போட்டார்கள். அப்போது கொள்முதலில் இறங்கிய கேம்ப்கோ என்ற பாக்கு விவசாயிகளின் கூட்டுறவு, 1986-ல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே கட்டியது. விவசாயிகளே ஆலை முதலாளிகளான இந்தக் கதை நம் பாடப்புத்தகங்களில் இடம்பெறத் தகுந்தது.

இன்று ஆந்திராவும் கேரளமும் முன்னே நிற்க, தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக நிற்கிறது. நேர்வெயில் அதற்கு ஆகாது. தென்னையின் வடிகட்டிய நிழல் சரியாக இருக்கிறது. பூவும் காயும் கிளை நுனியில் வராமல், பலாவைப்போல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஆயிரக்கணக்கில் பூத்தாலும் நூற்றுக்கு ஐந்துகூடக் காயாவதில்லை. மகரந்தத்தைச் சேர்ப்பது தேனீயோ பட்டாம்பூச்சியோ அல்ல, உதிர்ந்த இலைக் குப்பையில் வளரும் கொசுவினும் சிறிய ஒரு ஈ. தோப்பைத் துடைத்துவைத்தாற்போலச் சுத்தமாக வைத்திருந்தால் அந்த ஈ பெருகாது, காயும் குறையும். காய் முற்ற ஐந்தாறு மாதம். ஒரு காயில் முப்பது நாற்பது கொட்டை. ஒரு கிலோ உலர் கொட்டைக்கு ஏறத்தாழ இருபத்தைந்து காய் தேவை. நடுவில் அணில் வந்து ஓட்டை போட்டு உள்ளிருக்கும் சதையைச் சப்பிவிட்டுப் போவது தோப்புக்காரர்களின் தீராத புகார்.

பறித்த கொட்டையில் சாக்லேட் வாசனை துளிகூட இருக்காது. வெள்ளைச் சதையோடு குவித்து மூடி ஐந்திலிருந்து ஏழு நாள் புளிக்கவைக்க வேண்டும். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்தச் சதையின் சர்க்கரையைத் தின்று குவியலைச் சூடேற்றுகின்றன. கொட்டைக்குள் உயிர் அடங்கி, கசப்பு தணிந்து, பின்னால் வறுக்கும்போது மணமாக மாறப்போகும் பொருள்கள் உருவாகின்றன. சாக்லேட்டின் ருசி பாதிக்கு மேல் தீர்மானமாவது ஆலையில் அல்ல, தோப்போரத்து மரப்பெட்டியில். பல விவசாயிகள் ஈரக் கொட்டையாகவே விற்றுவிடுவதால் இந்த வித்தையும் அதன் கூடுதல் விலையும் அவர்கள் கையைவிட்டுப் போகின்றன. ஆனைமலை அடிவாரத்தின் ‘சோக்லெட்’ நிறுவனம் தன் தோட்டத்துக் கொட்டையைத் தானே புளிக்கவைத்துச் சாக்லேட்டாக்குகிறது. ஆரோவில்லில் ஜேன் மேசனும் ஃபேபியன் போன்தெம்ஸும் 2014-ல் தொடங்கிய ‘மேசன் அண்ட் கோ’ தென்னிந்திய விவசாயிகளுக்குப் புளிக்கவைக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்து அவர்களிடமே வாங்குகிறது. ஒரு சின்னக் கட்டியின் விலை நம் பைக்கு அதிகம்தான். ஒரு கட்டியை நாலுபேர் பங்கிட்டு, ஆளுக்கொரு துண்டை மெல்லாமல் வாயில் கரையவிட்டுப் பாருங்கள். பழப்புளிப்பும் கருப்பட்டியை நினைவூட்டும் கசப்பும் தெரியும். பொள்ளாச்சி மண்ணில் விளைந்த ருசி அது.

2024-ல் இந்தப் பயிர் ஒரு குலுக்கு குலுக்கியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் நோயும் தவறிய பருவமும் விளைச்சலைத் தாக்க, டன் விலை 10,000 டாலரைக் கடந்து டிசம்பரில் 12,000-ஐத் தொட்டது. சில மாதம் முன்புவரை கிலோ 200, 250 ரூபாய்க்குப் போன நம் ஊர் உலர் கொட்டை அந்தக் கோடையில் ஆயிரத்தை எட்டியது. அடுத்த ஆண்டே உலக விலை பாதிக்கும் கீழே இறங்கிற்று. 1980-களின் வீழ்ச்சியை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்றத்தைவிட இறக்கம்தான் நினைவில் நிற்கும். இந்தியா தன் தேவைக்கு இன்னும் பெருமளவு கோகோவை இறக்குமதிதான் செய்கிறது. சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் மாண்டலீஸ் நிறுவனத்தின் பெரிய ஆலை இயங்குகிறது. அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பெரிய வாங்கும் வாய் இருக்கும்போது, தேங்காய் விலை சரியும் காலங்களில் கோகோ நம் விவசாயிக்குக் கைகொடுக்கும் என்ற நம்பிக்கை வீணல்ல. கொள்முதல் விலைக்கு ஓர் அடித்தளம் இருந்தால் மட்டும்.

இனி மருந்துக்கடைப் பக்கம். உடல்சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகும் கொழுப்பு என்பது மருத்துவத்துக்குக் கிடைத்த வரம். ஆசனவாய் வழியே வைக்கும் மருந்துக் குச்சிகளுக்குக் கோகோ வெண்ணெய்தான் நெடுங்காலம் அடிப்பொருளாக இருந்தது. உள்ளே போனதும் கரைந்து மருந்தை விடுவிக்கும், உடம்புக்கு உறுத்தாது. இன்றும் பி.பார்ம் முதலாண்டுச் செய்முறைப் பாடத்தில் கோகோ வெண்ணெயில் இந்தக் குச்சிகளை வார்க்கச் சொல்லித்தருகிறார்கள். பல்லாவரம் பக்கமுள்ள கல்லூரிகளில் படித்த மருந்தாளுநர்கள் அந்தப் பித்தளை அச்சை மறந்திருக்கமாட்டார்கள். வெப்பநாடுகளில் உருகுநிலையை உயர்த்தத் தேன்மெழுகு சேர்ப்பது பழைய பாடநூல் யோசனை. இங்கேயும் அதே சிக்கல், அதே 34 டிகிரி. மிகச் சூடாக்கி ஊற்றினால் தவறான படிகம் உருவாகி, குச்சி உறையவே மறுக்கும் என்று அந்தப் பாடம் எச்சரிக்கிறது. சாக்லேட்காரருக்கும் மருந்தாளுநருக்கும் ஒரே இயற்பியல்தான். உதட்டுக்குப் பூசும் தைலக் குச்சிக்கும், பனிக்கால வறட்சிக்குப் பூசும் களிம்புக்கும் இதே வெண்ணெய் போவதால் அதன் விலை பொதுவாக உயர்ந்தே நிற்கிறது. காம்பவுண்ட் மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை டேவிட் சௌரிமுத்து 1928-ல் நிறுவினார். இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக நிற்கும் அந்த வளாகத்துக்கும் கோகோவுக்கும் ஒரு வேதியியல் உறவு சொல்லலாம். ஆஸ்துமாவுக்கு நம் ஊர் டாக்டர்கள் காலங்காலமாக எழுதிவந்த டெரிஃபில்லின் மாத்திரையில் தியோஃபிலின் என்ற பொருள் இருக்கிறது. கோகோவின் கசப்புக்குப் பெருங்காரணமான தியோபுரோமின் அதன் உடன்பிறப்பு. இரண்டிலும் இரண்டிரண்டு மெத்தில் தொகுதிகள், ஒட்டியிருக்கும் இடம்தான் வேறு. மூன்று தொகுதி இருந்தால் அது காப்பியின் காஃபின். லண்டன் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில் தியோபுரோமின் இருமலைக் கோடீனைவிட நன்றாக அடக்கியது. உலகப் பத்திரிகைகள் சாக்லேட் இருமல் மருந்து என்று கொண்டாடின. 2017-ல் நாள்பட்ட இருமல் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனை அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. இதயத்துக்கு நல்லது என்ற பேச்சும் இப்படித்தான். 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2022-ல் முடிவு வெளியான காஸ்மாஸ் ஆய்வில், கோகோச் சாறு எடுத்துக்கொண்டவர்களிடம் இதயநோய் மரணம் குறைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கில் உறுதியான வித்தியாசம் இல்லை. அங்கே தந்ததும் சாற்றுக் குளிகை, சாக்லேட் அல்ல. கடையில் விற்கும் பால் சாக்லேட்டில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. சர்க்கரை நோய் இவ்வளவு பரவியிருக்கும் நம் ஊரில் அதை இதயத்துக்கு நல்லது என்று சொல்லி விற்பதை நான் ஏற்கமாட்டேன். ஆசைக்குச் சாப்பிடுங்கள், அளவோடு சாப்பிடுங்கள், மருந்தென்று சாப்பிடாதீர்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனித உடல் தியோபுரோமினைச் சில மணி நேரத்தில் கழித்துவிடுகிறது. நாயின் உடலால் அது முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே வாந்தி, படபடப்பு தொடங்கும், 60-ஐ நெருங்கினால் வலிப்பு வரும். பால் சாக்லேட்டைவிடக் கருப்புச் சாக்லேட்டிலும் கோகோத் தூளிலும் தியோபுரோமின் பல மடங்கு அதிகம். தெருநாய்க்கும் பாசத்தில் ஒரு துண்டு போடவேண்டாம்.

சாக்லேட் காசாகப் புழங்கிய கதையை நம் தலைமுறை நேரிலேயே கண்டது. பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ மளிகைக்கடையில், மருந்துக்கடையில், ஓட்டல் கல்லாவில், சில்லறைக்குப் பதில் ஓர் எக்ளேர்ஸை எடுத்து நீட்டுவார்கள். 2011 ஜூன் கடைசியோடு 25 காசு செல்லாமல் போனது, ஐம்பது காசை யாரும் வாங்கவில்லை, ஒரு ரூபாய்க்குத் தட்டுப்பாடு. மிட்டாய்தான் ஈடு. ஆனால் அதே மிட்டாயை மறுநாள் திருப்பிக் கொடுத்து யாராலும் பொருள் வாங்க முடிந்ததில்லை. ஒருபக்கம் மட்டுமே செல்லும் காசு அது, வாங்குகிறவருக்கு நட்டம். செல்போனில் பணம் அனுப்பும் வசதி வந்ததும் அந்த வழக்கம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. மெக்சிகோவில் கோகோக் கொட்டை இருபக்கமும் செல்லுபடியான நாணயமாக இருந்தது. திலாக்ஸ்கலா நகரின் 1545-ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் ஒரு பெட்டை வான்கோழிக்கு நல்ல கொட்டை 100, அப்போது பறித்த வெண்ணெய்ப்பழம் ஒன்றுக்கு 3, பெரிய தக்காளிக்கு 1. கள்ள நாணயமும் இருந்தது. கொட்டையின் உள்ளீட்டை எடுத்துவிட்டுக் களிமண்ணை அடைத்துத் தோலை ஒட்டினார்கள். சாக்லேட் கட்டி காசாக முடியாது, கொட்டையால் முடிந்தது. கொட்டைக்குள் கொழுப்பு நுண்ணறைகளில் அடைபட்டிருப்பதால் எந்த வெயிலிலும் அது வழியாது.

உருகாத சாக்லேட் என்பது படைகளின் நெடுநாள் கனவு. 1937-ல் அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் லோகன் ஹெர்ஷி ஆலையிடம் கேட்டது விசித்திரமான பண்டம். 49 டிகிரி வெயில் தாங்கவேண்டும், வீரன் ஆபத்துக்கு முன்பே தின்றுவிடாதபடி வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சமே ருசியாக இருக்கவேண்டும். ஓட்ஸ் மாவைக் கலந்து அப்படியே செய்தும் கொடுத்தார்கள். வீரர்கள் வெறுத்ததால் 1943-ல் சற்று நல்ல ருசியில் வெப்பநாட்டுக் கட்டி வந்தது. 2012-ல் காட்பரியின் இங்கிலாந்து ஆய்வுக்கூடம் 40 டிகிரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வடிவம் குலையாத சாக்லேட்டை உருவாக்கியதாக அறிவித்தது. மனதில் வைத்திருந்தது இந்தியா போன்ற நாடுகளைத்தான். இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் ஓர் இழப்பு இருக்கிறது. வெயிலில் உருகாதது வாயிலும் தயங்கியே உருகுகிறது. சண்முகம் சாலைக்கு ஏற்ற சாக்லேட் நாக்குக்கும் ஏற்றதாக இருப்பது இன்னும் கைகூடவில்லை.

உருகுவதே ஒரு கண்டுபிடிப்புக்கும் காரணமானது. 1945 வாக்கில் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த இனிப்பு ராடார் குழாயின் அருகே இளகியதிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது என்பது பிரபலமான கதை. உருகிய சாக்லேட்டுக்குச் சினிமாவிலும் வேலை இருந்தது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படம் 1960-ல் கறுப்பு வெள்ளையில் வந்ததால் குளியலறை ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு போதுமாக இருந்தது. நமக்கு இன்னும் அருகில், புதுச்சேரியில் ஜூகா என்ற கடை ஆண்டுதோறும் டிசம்பரில் ஆளுயரச் சாக்லேட் சிலை செய்கிறது. 2019-ல் விமானி அபிநந்தன். விமானப்படைத் தளத்தைச் சுற்றி வளர்ந்த தாம்பரத்துக்கு அந்தச் சிலை கூடுதல் நெருக்கம். 2020-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம், 339 கிலோ. அந்தச் சிலைகள் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏசியில்தான் நிற்க முடிந்தது.

கடைசியாக, நாம் சாக்லேட்டில் பார்க்காத பகுதிகள். கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதை லிச்சியைப்போல இனித்துப் புளிக்கும். காய் உடைக்கும் வேலையாட்கள் அதைச் சப்பிக்கொண்டே வேலை செய்வார்கள். அதை உலர்த்திச் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்த்த கருப்புச் சாக்லேட்டை நெஸ்லே 2019-ல் ஜப்பானில் விற்றது. வறுத்த கொட்டையின் தோலைக் கொதிக்கவைத்துத் தேநீராகக் குடிக்கலாம். சென்னையின் ‘கோகோட்ரெய்ட்’ நிறுவனம் அந்தத் தோலையும் ஆயத்த ஆடை ஆலைகளின் கழிவுப் பருத்தியையும் சேர்த்துக் காகிதமாக்கித் தன் சாக்லேட்டையே அதில் பொதிகிறது. காயின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளி ஓடு. கானாவில் அதை எரித்த சாம்பலில் கறுப்புச் சவுக்காரம் காய்ச்சுகிறார்கள். சாம்பலில் அவ்வளவு பொட்டாஷ். பொள்ளாச்சித் தோப்பில் அதை எரிக்கவேண்டிய அவசியமே இல்லை. உடைத்த இடத்திலேயே தென்னையடியில் மக்கவிட்டால் அந்தப் பொட்டாசியம் தென்னைக்குத் திரும்பிப் போகும், மகரந்தம் சேர்க்கும் ஈக்கும் இருப்பிடம் கிடைக்கும். கருங்காய் அழுகல் கண்ட ஓட்டை மட்டும் பிரித்தெடுத்து ஆழப் புதைக்கவேண்டும், அடுத்த மழைக்கு நோய் பரவுவது அதிலிருந்துதான்.